ராத்திரி நகர வெளிச்சத்துல கலர் ஹார்மனிக்கு மார்க் போட முடியுமா?

நீங்க கேட்டதை முதல்ல என் வார்த்தையில சொல்லிடறேன். தீசிஸுக்காக ஒரு கடைத்தெருவையும் அது போய் முடியற ஆத்தங்கரையையும் ராத்திரியில போன்ல போட்டோ எடுத்திருக்கீங்க, ஒவ்வொரு போட்டோலயும் கே-மீன்ஸ்ங்கற, ஒரே மாதிரிக் கலரைக் கூட்டமா சேர்க்கற கணக்கு முறையை ஓட்டி அஞ்சு முக்கிய கலரைப் பிரிச்சிருக்கீங்க, அதைக் கலர் வீல்ல, அதாவது கலர்களை வட்டமா அடுக்கின படத்துல, வச்சுப் பார்த்து, எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு ஒரு சாஃப்ட்வேர் 100க்கு 82ன்னு மார்க் குடுத்திருக்கு. உங்க கைடு பார்த்துட்டு "அழகுங்கறது ஆளுக்கு ஆள் மாறும், இதெல்லாம் அளக்கற விஷயமே இல்ல"ன்னுட்டார். இதுல யார் சொல்றது சரின்னு கேட்டிருக்கீங்க. ஆனா உண்மையில உங்க கேள்வி அதில்லன்னு நினைக்கிறேன். அந்தத் தெருவுல ராத்திரி நடக்கறவங்களுக்கு லைட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போற மாதிரி தோணுதா இல்லையாங்கறதை அந்த 82 காட்டுதா, அதான் கேள்வி. காட்டல. அந்த 82 உங்க போட்டோவுக்குக் கிடைச்ச மார்க், தெருவுக்கு இல்ல. அதுக்காக உங்க கைடு சொல்றது முழுசா சரின்னும் நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா இதுல அளக்கக்கூடியது நிறைய இருக்கு, என்ன, கலர் வீல்ல இருந்து ஆரம்பிக்கக் கூடாது. நான் வெளிப்புற லைட்டிங் டிசைன்லயும் சைட்ல மீட்டரோட அளந்து பார்க்கறதுலயும் ரொம்ப வருஷமா இருக்கேன், அந்த அனுபவத்துல இருந்து சொல்றேன்.

முதல்ல போட்டோ. போன் கேமரா ராத்திரியில தானாவே ஒயிட் பேலன்ஸை (எதை வெள்ளையா காட்டணும்ங்கற செட்டிங்கை) மாத்திக்கும், அதனால ஒரே சோடியம் லைட் ஒரு போட்டோல ஆரஞ்சாவும் அடுத்ததுல கிட்டத்தட்ட வெள்ளையாவும் வரும். நைட் மோடு இருந்தா இன்னும் மோசம், இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை இறக்கி, எல்லாத்தையும் ஒரே லெவலுக்குக் கொண்டு வந்துடும், நாம அளக்க வேண்டிய முக்கியமான விஷயமே அந்த வித்தியாசம்தான், அது போயிடுச்சு. கலரும் அப்படித்தான். ஒரு சிவப்பு எல்இடி போர்டை எடுத்துக்கோங்க. நேர்ல பார்த்தா நல்ல அடர் சிவப்பு. போட்டோல சென்சாரோட சிவப்பு சேனல் உச்சத்துல முட்டி நின்னுடும், அதுக்கு மேல போக முடியாது, ஆனா பச்சை சேனல்ல கொஞ்சம் கொஞ்சமா சிக்னல் ஏறிக்கிட்டே இருக்கும், விளைவு எழுத்தோட நடுப்பகுதி ஆரஞ்சாவோ மஞ்சளாவோ தெரியும், ஓரத்துல மட்டும் சிவப்பு இருக்கும். நீல போர்டுனா நடுவுல வெளுத்துப் போய் ஓரத்துல நீல வளையம் மட்டும் மிஞ்சும். கே-மீன்ஸ் இதுல இருந்து "மஞ்சள், சிவப்பு, வெளிர் நீலம்"னு மூணு கலரைப் பிரிச்சுக் குடுக்கும், அந்த மஞ்சள் தெருவுலயே கிடையாது. இதுக்கு மேல, எல்இடியோட அடர் பச்சையும் நீலமும் சாதாரண ஸ்கிரீன்ல காட்டக்கூடிய கலர் எல்லைக்கு வெளியவே இருக்கு, அதனால கேமரா சரியாவே பிடிச்சாலும் ஃபைல்ல அது உள்ள அமுக்கப்பட்டுத்தான் வரும்.

சரி பண்ண முடியாதான்னா ஓரளவு முடியும். ரா ஃபைல்ல (கேமரா திருத்தம் பண்ணாத மூலப் பதிவுல) எடுங்க, ஒயிட் பேலன்ஸை ஒரு மதிப்புல லாக் பண்ணி எல்லா போட்டோவுக்கும் அதையே வைங்க, ஒரே ஃபிரேமை நாலஞ்சு எக்ஸ்போஷர்ல ட்ரைபாட் வச்சு எடுத்து சேருங்க, அதே நேரத்துல லூமினன்ஸ் மீட்டர்ல (ஒரு பரப்புல இருந்து கண்ணுக்கு வர்ற பிரகாசத்தை அளக்கற கருவியில) சீனுக்குள்ள சில இடங்களை அளந்து வச்சா அந்த அளவுக்குப் போட்டோவைப் பொருத்திக்கலாம். இப்படி எடுத்த படம் பிரகாசத்துக்கு நம்பகமான ஆதாரம். கலருக்கு ஓரளவுதான், அடர் கலர்ல கேமராவோட சென்சாரும் நம்ம கண்ணும் ஒரே மாதிரி வேலை செய்யறதில்ல, அங்க வெளிச்சத்தை அலைநீளம் அலைநீளமா அளக்கற ஸ்பெக்ட்ரோரேடியோமீட்டர்தான் நம்பிக்கை. டிபார்ட்மென்ட்ல இல்லன்னா ஃபிசிக்ஸ் லேப்ல கேட்டுப் பாருங்க.

அடுத்து ஃபார்முலா. இதுல எது உறுதி, எது சந்தேகம்னு பிரிச்சுச் சொல்லணும். கலரைப் பக்கத்துல இருக்கற கலர் மாத்தும்ங்கறது உறுதி, 1839லயே செவ்ரல் இதை விதியாவே எழுதிட்டார், அவர் பாரிஸ்ல கோப்லின் நெசவுக்கூடத்துல சாயப் பிரிவைப் பார்த்துக்கிட்டவர், கருப்பு நூல் மங்கலா இருக்குன்னு புகார் வந்தப்போ சாயத்துல தப்பு இல்ல, பக்கத்து நூலோட கலர்தான் காரணம்னு கண்டுபிடிச்சவர். ஆனா "எந்த ரெண்டு கலர் ஒத்துப்போகும்"ங்கறது வேற கேள்வி. 1944ல மூனும் ஸ்பென்சரும் மன்செல் கலர் சிஸ்டத்தை அடிப்படையா வச்சு இதுக்குக் கணக்குப் போட்டாங்க, ஒழுங்கை சிக்கலால வகுத்து அழகுக்கு ஒரு எண். பார்க்க நல்லா இருந்துது, ஆனா பின்னாடி ஆளுங்களை வச்சு சோதிச்சப்போ அது சரியா பொருந்தல. 2006ல ஊவும் லூவும் 1431 கலர் ஜோடிகளை மனுஷங்ககிட்ட காட்டி, அவங்க குடுத்த மார்க்ல இருந்து மாடல் கட்டினாங்க. 2011ல ஷ்லோஸும் பால்மரும் செஞ்ச ஆய்வுல ஹியூ (சிவப்பு, நீலம்னு சொல்ற நிற வகை) நெருங்க நெருங்க ஹார்மனி கூடுதுன்னுதான் வந்துது, எதிரெதிர் கலர் தனியா ஒரு ஹார்மனி தரும்ங்கற பழைய நம்பிக்கைக்கு ஆதரவு கிடைக்கல. உங்க சாஃப்ட்வேர் நீலத்துக்கு எதிர்ல ஆரஞ்சு இருக்குன்னு மார்க்கை ஏத்தியிருந்தா அது அந்தப் பழைய நம்பிக்கையில ஏத்தினது. இந்த ஆய்வுகள்ல இருந்து தைரியமா எடுத்துக்கக்கூடியது, ஒரே குடும்பத்துக் கலர்களா இருந்து வெளிச்சத்துல வித்தியாசம் இருந்தா பெரும்பாலானவங்களுக்கு ஒத்துப்போற மாதிரி தோணும்ங்கறதுதான். இது ராத்திரிக்கும் ஓரளவு பொருந்துதுன்னு என் அனுபவம் சொல்லுது, ஆனா அது அனுபவம், நிரூபணம் இல்ல.

ஏன் ராத்திரிக்கு அப்படியே பொருந்தாதுன்னா, இந்த மாதிரி ஆய்வுகள்ல காட்டினது சின்னச் சின்ன கலர் கட்டம், ஒரே சீரான பின்னணி மேல, கண்ணு அந்த வெளிச்சத்துக்குப் பழகின நிலையில. ராத்திரித் தெருவுல பின்னணி கருப்பு, கலர்ல பாதி தானே ஒளிர்றது, மீதி சுவத்துல பட்டுத் திரும்பறது. இதுல ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க. அந்த ஃபார்முலாக்கள்ல பலதும் சிஐஈ, அதாவது சர்வதேச வெளிச்ச ஆணையம், வகுத்த லேப் (L*a*b*) கலர் எண்களைக் கேக்கும், அதுல லைட்னஸை, அதாவது கலர் எவ்வளவு வெளுப்பா தெரியுதுங்கறதை, எடுக்கணும்னா "இந்த சீன்ல வெள்ளைன்னா எது"ன்னு முதல்ல நீங்க சொல்லணும். ஒரு சுவர் சதுர மீட்டருக்கு 4 கேண்டெலா (லூமினன்ஸை இந்த அலகுலதான் சொல்வாங்க) இருக்குன்னு வைங்க. தெரு விளக்கு விழற ஒரு வெள்ளைப் பரப்பை, 10 கேண்டெலா, ரெஃபரன்ஸா எடுத்தா சுவரோட லைட்னஸ் 69க்கு மேல, நல்ல வெளிச்சமான கலர். எதிர்ல இருக்கற விளம்பர ஸ்கிரீனை, 400 கேண்டெலா, ரெஃபரன்ஸா எடுத்தா அதே சுவர் 9, கிட்டத்தட்ட கருப்பு. சுவர் மாறல, லைட் மாறல, நீங்க எடுத்த முடிவு மட்டும்தான் மாறிச்சு. இந்த எண் மாறினா ஹார்மனி மார்க்கும் தலைகீழா மாறும். கண்ணு உண்மையில எதை வெள்ளையா எடுத்துக்குதுங்கறது ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கும், பார்வை எங்க போகுதோ அதைப் பொறுத்து நகர்ந்துக்கிட்டே இருக்கும். தெரு மாதிரி இவ்வளவு கலவையான வெளிச்சத்துல இது எங்க நிக்கும்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட மாடல் இன்னும் இல்ல. போட்டோல இருந்து மார்க் குடுக்கற சாஃப்ட்வேருக்கு அந்த ஃபைலோட வெள்ளைதான் வெள்ளை, இந்தக் கேள்வியையே அது கேக்காது.

கண்ணும் பகல் கண்ணு இல்ல. சிஐஈ 2010ல வெளியிட்ட மீசோபிக் (பகலுக்கும் முழு இருட்டுக்கும் நடுவுல இருக்கற பார்வை) அளவீட்டு முறைப்படி 0.005ல இருந்து 5 கேண்டெலா வரைக்கும், பகல்ல கலர் பார்க்கற கோன் செல்லும் இருட்டுல பார்க்கற ராட் செல்லும் சேர்ந்து வேலை செய்யற பகுதி. பகல்ல நம்ம கண்ணு 555 நானோமீட்டர்ல, அதாவது மஞ்சள் கலந்த பச்சையில, உச்சத்துல இருக்கும், முழு இருட்டுல அது 507க்கு நகரும், அதனால இருட்டற நேரத்துல சிவப்பு சீக்கிரம் கருத்துப் போகும், நீலமும் பச்சையும் நின்னு பிடிக்கும். ரோடு லைட்டிங் ஸ்டாண்டர்டுகள்ல ரோட்டோட சராசரி பொதுவா 0.3ல இருந்து 2 கேண்டெலா, அதாவது நேரா இந்தப் பகுதிக்குள்ள. கலர் தெரியும், ஆனா முழு பலத்தோட தெரியாது. பக்கத்துலயே நூத்துக்கணக்கான கேண்டெலால ஒரு ஸ்கிரீன் இருந்தா அது பகல் பார்வையில தெரியும். ஒரே பார்வையில ரெண்டு விதமான கண்ணு வேலை செய்யுதுன்னு வச்சுக்கோங்க. இன்னொண்ணு, அடர் கலர் லைட் அதே லூமினன்ஸ் இருக்கற வெள்ளை லைட்டை விட பிரகாசமா தோணும், ஹெல்ம்ஹோல்ட்ஸ்-கோல்ராஷ் விளைவுன்னு சொல்வாங்க, மீட்டர் இதைக் காட்டாது. தூரத்துப் புள்ளி வெளிச்சத்துல வேற மாதிரி. கண்ணோட நடு மையத்துல நீலத்தை உணர்ற கோன் கிடையாது, அதனால ரொம்பச் சின்னதா தெரியற விளக்குகள்ல நீலம் மஞ்சள் வித்தியாசம் மங்கிப்போகும். ஆத்துக்கு அந்தப் பக்கம் தூரத்துல வரிசையா தெரியற விளக்குல 3000 கெல்வினும் 4000மும் (வெள்ளையோட சாயலைச் சொல்ற எண், குறைஞ்சா மஞ்சள் கலந்த வார்ம், கூடினா நீலம் கலந்த கூல்) கலந்திருந்தா அவ்வளவா உறுத்தாது, அதே கலவை கிட்ட ஒரு சுவத்துல விழுந்தா உடனே தெரியும். அதனால "எங்க நின்னு பார்த்தது"ங்கறதை எழுதாத ஹார்மனி மதிப்பீடு அரைகுறைதான்.

இப்ப நான் என்ன வரிசையில பார்க்கறேன்னு சொல்றேன். முதல்ல பிரகாசம். தெருவுல ஒத்துப்போகலன்னு ஜனங்க சொல்ற இடங்கள்ல பெரும்பாலும் குத்தம் கலர்ல இருக்காது, ஒண்ணு மட்டும் அளவுக்கு மீறி வெளிச்சமா இருக்கும். சிஐஈயோட தொந்தரவு வெளிச்சம் பத்தின கைடுல கட்டட முகப்புக்கு சராசரி லூமினன்ஸ் எல்லை ஊர்ப்புறக் குறைஞ்ச வெளிச்சப் பகுதியில 5, நடுத்தரப் பகுதியில 10, நகர மையத்துல 25 கேண்டெலா. விளம்பரப் பலகைகளுக்கு அதே வரிசையில 400, 800, 1000. அந்த ரெண்டு வரிசையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, முகப்புக்கும் பலகைக்கும் நடுவுல அந்த எல்லைகளுக்குள்ளயே 40ல இருந்து 80 மடங்கு வரைக்கும் வித்தியாசம் வரலாம். இப்படி ஒரு ஸ்கிரீன் பக்கத்துல நுணுக்கமா கலர் தேர்ந்தெடுத்து லைட் போட்ட முகப்பு வெறும் அழுக்கு நிழல் மாதிரி ஆயிடும், அங்க கலர் ஹார்மனின்னு பேசறதுக்கே ஒண்ணும் மிச்சம் இருக்காது. கண்ணுக்கு ஒரு பொருளை எடுத்துக் காட்டணும்னா சுத்துப்புறத்தை விட 3 மடங்கு, 5 மடங்கு போதும், 10 மடங்கு நாடகத்தனமா இருக்கும், இது தொழில்ல எல்லாரும் கையில வச்சிருக்கற கணக்கு. நீங்க அந்தத் தெருவுல முப்பது நாப்பது பாயின்ட்ல லூமினன்ஸ் அளந்து மேப் மேல போட்டாலே உங்க தீசிஸ்ல பாதி கிடைச்சிடும்.

ரெண்டாவது வெள்ளை. ஆமா, கலருக்கு முன்னாடி வெள்ளை. நகரத்துல பரப்பளவுல பெரும்பகுதி வெள்ளை வெளிச்சம்தான், அந்த வெள்ளைகளே ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலன்னா மேல என்ன கலர் போட்டும் பிரயோஜனம் இல்ல. கெல்வின் எண்ணை நேரா கழிச்சுப் பார்க்காதீங்க, அது கண்ணுக்குத் தெரியற வித்தியாசத்தோட சேராது. பத்து லட்சத்தைக் கெல்வினால வகுத்தா மைரெட்னு ஒரு எண் வரும், அதுல கழிச்சுப் பாருங்க. 2700க்கு 370, 3000க்கு 333, வித்தியாசம் 37. 5700க்கு 175, 6500க்கு 154, வித்தியாசம் 21தான். அதாவது வார்ம் பக்கம் வெறும் 300 கெல்வின் வித்தியாசம், கூல் பக்கம் 800 கெல்வினை விட அதிகமா கண்ணுல படும். ஒரே முகப்புல 2700மும் 3000மும் கலந்து மாட்டினா ஏன் உறுத்துதுன்னு நிறைய பேருக்குப் புரியாது, காரணம் இதுதான். கெல்வின் ஒண்ணா இருந்தாலும் போதாது, ஒரு லைட் லேசா பச்சை பக்கமோ பிங்க் பக்கமோ சாயலாம், அதுக்கு டியூவின்னு தனி எண் இருக்கு, அது 0.006 தாண்டி மேல போனா பச்சை வாடை தெரிய ஆரம்பிக்கும். சமீப வருஷங்கள்ல அமெரிக்காவுல சில நகரங்கள்ல தெரு விளக்கு திடீர்னு ஊதாவா மாறின செய்தி படிச்சிருப்பீங்க, நீல எல்இடி வெளிச்சத்தை வெள்ளையாக்கறதுக்காக மேல இருக்கற பாஸ்பர் பூச்சு பழுதாகி அடியில இருக்கற நீலம் வெளிய வந்ததுதான், இது வரிசைக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு வந்தாலே முழுத் தெருவும் கெட்டுப்போன மாதிரி தெரியும்.

வெள்ளையில ஒரு விஷயம் முக்கியம். வித்தியாசம் இருக்கறதே தப்பு கிடையாது. ரோட்டுக்கு ஒரு வெள்ளை, நடைபாதைக்கு அதை விட நல்லா வார்மா ஒரு வெள்ளைன்னு தெளிவா பிரிஞ்சிருந்தா பார்க்கறவங்களுக்கு அது வேணும்னே செஞ்சதுன்னு புரிஞ்சிடும், ஒத்துப்போகும். கொஞ்சமா மட்டும் வித்தியாசப்பட்டா அது அலட்சியமா தெரியும். இந்த "வேணும்னே செஞ்ச மாதிரி தெரியுதா"ங்கறதை எந்த ஃபார்முலாவும் அளக்காது, ஆனா ஹார்மனின்னு ஜனங்க சொல்றதுல பெரிய பங்கு இதுக்குத்தான்னு நான் நினைக்கிறேன். பெர்லினை 2013ல விண்வெளி நிலையத்துல இருந்து விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் எடுத்த போட்டோ பாருங்க, கிழக்கு ஆரஞ்சு, மேற்கு வெள்ளை, நகரம் ஒண்ணாகி இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் விளக்கு வகை அந்தப் பழைய எல்லையைக் காட்டிக்கிட்டு இருந்துது. மேல இருந்து பார்த்தா ரெண்டு கலர் மோதுது, ஆனா தெருவுல நடக்கறவருக்கு ஒவ்வொரு பக்கமும் தனக்குள்ள ஒரே சீரா இருக்கும். எந்த அளவுல பார்க்கறோம்ங்கறது முடிவையே மாத்திடுது.

மூணாவது, லைட் விழற பொருள். இங்கதான் போட்டோ வச்சு பண்ற ஆய்வுல பெரிய ஓட்டை. செங்கல் சுவர் சிவப்பையும் ஆரஞ்சையும் திருப்பி அனுப்பும், பச்சையையும் நீலத்தையும் விழுங்கிடும். அது மேல அடர் பச்சை எல்இடி அடிச்சா விளக்குல இருந்து வர்ற பச்சை எவ்வளவு அழகா இருந்தாலும் சுவர் மந்தமா, அழுக்கா தெரியும். மணல் நிறக் கல் 6500 கெல்வின்ல சாம்பல் பூத்த மாதிரி ஆகும், 2700ல உயிரோட இருக்கும். இன்னொரு நுணுக்கம், சிவப்பு, பச்சை, நீலம் (ஆர்ஜிபி) மூணையும் கலந்து ஒரு வெள்ளை செய்யலாம், பாஸ்பர் எல்இடில அதே வெள்ளை கிடைக்கும், மீட்டர்ல ரெண்டுக்கும் ஒரே எண் வரும், வெள்ளைச் சுவத்துல ஒரே மாதிரி தெரியும், ஆனா செங்கல் மேலயோ மரத்து இலை மேலயோ ஆள் முகத்து மேலயோ விழும்போது ரெண்டும் வேற வேற. ஏன்னா முதல் வெள்ளையில மூணு குறுகிய அலைநீளத்துல மட்டும்தான் வெளிச்சம் இருக்கு, நடுவுல பள்ளம். அதனால ஸ்பெக் ஷீட்ல கெல்வின் மட்டும் பார்க்காம, ஒரு லைட்ல கலர்கள் எவ்வளவு சரியா தெரியும்னு அளக்க 2015ல வந்த டிஎம்-30 முறையில 99 மாதிரிக் கலர்களை வச்சு எடுத்த எண்களையும் கேளுங்க, எந்தக் கலரை மங்கலாக்குது, எதைத் தூக்கிக் காட்டுதுன்னு அதுல தெரியும். அதே வேலைக்கான பழைய சிஆர்ஐ முறையில 8 மாதிரிதான், அதுவும் மென்மையான கலர்கள்.

இது மூணும் முடிஞ்ச பிறகுதான் அடர் கலருக்கு வரணும். அங்கயும் நான் கலர் வீலை எடுக்கறதில்ல. பார்வையில எத்தனை சதவீதப் பரப்பு அடர் கலர், ஒரே நேரத்துல எத்தனை ஹியூ, அது அசையுதா, எவ்வளவு வேகத்துல மாறுது, இந்த நாலைத்தான் குறிச்சுக்குவேன். மெதுவா மாறற ரெண்டு கலரை விட வேகமா மின்னற ஒரே கலர் அதிகமா தொந்தரவு பண்ணும். டிராஃபிக் சிக்னலுக்குப் பின்னாடி சிவப்பு பச்சை அலங்காரம் இருந்தா அது எவ்வளவு அழகா இருந்தாலும் தப்புதான், இதுல ரசனைக்கு இடமே இல்ல. உதாரணத்துக்கு ஷாங்காய் நதிக்கரையை எடுத்துக்கலாம், பண்ட்ங்கற ஒரு கரைப் பக்கம் பழைய கல் கட்டடங்கள் முழுக்கத் தங்க நிறத்துல ஒரே குடும்பமா இருக்கு, எதிர்க்கரையில கோபுரங்கள் எல்லா கலர்லயும் அசைஞ்சுக்கிட்டு இருக்கு. கலர் வீல் கணக்குல எதிர்க்கரை சிதறல்னுதான் வரும். ஆனா நடுவுல அகலமான இருட்டுத் தண்ணி இருக்கு, ஒரு கரை அமைதி, ஒரு கரை ஆட்டம், பார்க்கறவங்க அதை ரெண்டு தனிப் படமா பிரிச்சுக்கறாங்க, அதனால ஒத்துப்போகுது. இது என் வாசிப்பு, வேற யாராவது வேற மாதிரி சொல்லலாம். ஐஃபல் டவரை 1985 டிசம்பர் 31ல லைட்டிங் இன்ஜினியர் பியேர் பீடோ உள்ளுக்குள்ள இருந்து சோடியம் வெளிச்சத்துல தங்கமா ஒளிர வச்சது ஏன் இவ்வளவு வருஷமா நிலைச்சுதுன்னு கேட்டா, வெளிச்சமும் இரும்பு மேல பூசின பழுப்பு பெயின்ட்டும் ஒரே குடும்பம்ங்கறதும் ஒரு காரணம்னு சொல்வேன். பிரான்ஸ்ல லியோன் நகரத்துல 1989ல நகரம் முழுக்க ஒரே லைட்டிங் பிளான் கொண்டு வந்ததும் இந்த மாதிரி ஒருங்கிணைப்புக்காகத்தான், தனித்தனிக் கட்டடமா பார்த்தா இது கிடைக்காது.

கடைசியா மனுஷங்க. உங்க கைடு சொல்றதுக்கான பதில் இங்கதான் இருக்கு. ரசனை ஆளுக்கு ஆள் மாறும், உண்மை. ஆனா எவ்வளவு மாறுதுன்னு அளக்கலாமே. ஆளுங்களைத் தெருவுக்கே கூட்டிட்டுப் போங்க, ஸ்லைடு போட்டுக் காட்டாதீங்க, ப்ரொஜெக்டருக்கு அந்த இருட்டும் வராது அந்த பிரகாசமும் வராது. பத்து நிமிஷமாவது கண்ணு பழகட்டும், அது வரைக்கும் போனை எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. அப்புறம் 7 புள்ளி ஸ்கேல்ல கேளுங்க, "இந்த வெளிச்சங்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து போகுதா"ன்னு ஒரு கேள்வி, "உங்களுக்கு இது பிடிச்சிருக்கா"ன்னு வேற கேள்வி. ரெண்டையும் ஒண்ணாக்கிடாதீங்க. நான் மேல சொன்ன 2011 ஆய்வோட பெரிய பங்களிப்பே இந்தப் பிரிப்புதான், ஒருத்தருக்கு ஒரு ஜோடி நல்லா ஒத்துப்போற மாதிரி தோணலாம், ஆனா சலிப்பா இருக்குன்னு பிடிக்காமப் போகலாம். பிடிக்கறதுல ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறைய வரும், சேர்ந்து போகுதாங்கறதுல என் அனுபவத்துல அவ்வளவு வராது. கலர் பார்வைச் சோதனை முன்னாடியே பண்ணிடுங்க, வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்லயே சுமார் 8 சதவீதம் பேருக்குக் குறைபாடு இருக்கு, அவங்களை ஒதுக்கவேண்டாம், தனியா குறிச்சு வைங்க, அவங்களும் அந்தத் தெருவுல நடக்கறவங்கதான். வயசானவங்களையும் சேருங்க, லென்ஸ் மஞ்சளாகறதால நீலம் அவங்களுக்கு மங்கும், கண்ணுக்குள்ள வெளிச்சம் அதிகமா சிதறும், இருபது வயசுப் பிள்ளைகளுக்கு அழகா தெரியற நீல முகப்பு அவங்களுக்குக் கலங்கலா இருக்கலாம். கிளாஸ்மேட்ஸை மட்டும் வச்சு எடுத்த சர்வே இதையெல்லாம் காட்டாது. சராசரியை மட்டும் போடாம எவ்வளவு பரவியிருக்குன்னும் போடுங்க, சராசரி 4 வந்தா எல்லாரும் 4 குடுத்தாங்களா, பாதிப்பேர் 1 பாதிப்பேர் 7 குடுத்தாங்களாங்கறது ரெண்டும் வேற வேற தெரு.

இந்த முறைக்கும் எல்லை இருக்கு. ஒரு ராத்திரி பார்த்து எடுத்த மதிப்பீடு தினமும் அங்கயே குடியிருக்கறவங்க உணர்வைச் சொல்லாது, ஒரு மணி நேரம் ரசிச்சுப் பார்த்த கலர் ஓட்டம் தினமும் படுக்கையறை ஜன்னல்ல விழுந்தா வேற கதை. மழை பெஞ்ச ராத்திரியில ஈர ரோடு எல்லா லைட்டையும் கீழ இன்னொரு தடவை காட்டும், அடர் கலரோட பரப்பு டக்குன்னு கூடிடும், அதனால ஈரம், காய்ஞ்சதுன்னு ரெண்டையும் தனியா குறிக்கணும். ஹார்மனி நல்லா இருக்குங்கறதால அந்த லைட் பறவைக்கோ பூச்சிக்கோ வானத்துக்கோ நல்லதுன்னு ஆகாது, அது தனி மதிப்பீடு, ரெண்டையும் ஒரே மார்க்ல கலக்காதீங்க.

அந்த 82ஐ என்ன பண்றதுன்னா, தூக்கிப் போட வேண்டாம். ரா ஃபைல்ல மறுபடி எடுத்த படங்களுக்கு அதே சாஃப்ட்வேர் மார்க்கை ஒரு டேபிள்ல தனி நெடுவரிசையில போடுங்க, பக்கத்துல ஒவ்வொரு இடத்துக்கும் பிரகாச விகிதம், வெள்ளைகளோட மைரெட் வித்தியாசம், அடர் கலர் பரப்பு, ஜனங்க குடுத்த ரெண்டு மார்க்னு வரிசையா போடுங்க. ஜனங்க மார்க்கோட எது அதிகமா சேர்ந்து நகருதுன்னு பார்க்கறதுதான் உங்க தீசிஸ் கேள்வி. கடைத்தெருவுல பிரகாச விகிதம் ஜெயிக்கும், ஆத்தங்கரையில வெள்ளை ஒத்துமை ஜெயிக்கும்னு நான் எதிர்பார்க்கறேன், ஆனா உங்க டேட்டா வேற சொன்னா அதையே எழுதுங்க. இடங்களோட எண்ணிக்கை பன்னெண்டுக்குக் குறைவா இருந்தா கோரிலேஷனுக்கு (ரெண்டு எண் எவ்வளவு சேர்ந்து நகருதுங்கற கணக்குக்கு) ரொம்ப வெயிட் குடுக்க வேண்டாம், இடத்துக்கு இடம் விளக்கி எழுதறதே போதும். மீட்டர் கிடைச்சதும் எந்த மாடல், எத்தனை டிகிரி கோணம்னு இங்க போடுங்க, சின்ன எழுத்துப் போர்டுகளை ஒரு டிகிரி மீட்டர்ல அளந்தா சுத்தியிருக்கற இருட்டும் சேர்ந்து சராசரி ஆயிடும், அதை எப்படிச் சமாளிக்கலாம்னு மீட்டரைப் பார்த்துட்டுச் சொல்றேன்.